நாலாவது ஆளாக ஒரு கல்

லண்டனில் கோலியர்ஸ் வுட் தவநாயகி செவ்வாய்க்கிழமைகளில் சுவர் ஏறுகிறா என்ற செய்தி, அவவின் புருசன் கணேசலிங்கத்தின் காதுக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக ஆறிப்போயிருந்தது. டூட்டிங் சாமான் கடையில் முருங்கைக்காய் பொறுக்குகிறவர்கள் அதைப் பேசி முடித்திருந்தார்கள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நடந்த ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டில் இரண்டாம் பந்திக்கே அது பழைய கதை. லூயிஷாம் சிவன் கோவிலில் அர்ச்சனைக்கு நின்ற வரிசையில் கதைக்குக் கை கால் முளைத்து, தவநாயகி கவுன்சில் கட்டிடத்தின் வெளிச்சுவரில் ஏறியதாகவும் பொலிஸ் வந்து ஏணி வைத்து இறக்கியதாகவும் போய்க்கொண்டிருந்தது.

உண்மை அவ்வளவு சுவையானதல்ல. தவநாயகிக்கு வயது நாற்பத்தாறு. கவுன்சிலில் சம்பளப் பிரிவில் வேலை. சீனி வியாதி வாசல்வரை வந்து நிற்கிறது, உடம்பைக் கொஞ்சம் அசையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் மாலை வகுப்பொன்றில் சேரப் போனா. உடற்பயிற்சி வகுப்பு நிரம்பிவிட்டது. நீச்சலுக்கு இடம் இருந்தது. ஆனால் அதற்குப் போடுகிற உடுப்பு இருக்கிறதே, அந்தக் கதையை விடுவோம். மிஞ்சியது பிரிக்ஸ்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த சுவரேறும் வகுப்பு. கணேசலிங்கத்தின் பழைய சேட் ஒன்றையும் ஒரு தொளதொள காற்சட்டையையும் போட்டு, யாரும் பார்க்கக்கூடாதென்று கணுக்கால்வரை ஒரு கோட்டால் மூடிக்கொண்டு பஸ் ஏறினா. கோடை மாதத்தில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் விசாரிக்காமல் விடுவார்களா?

சுவரில் நிறநிறமாகக் கட்டிகள் பூட்டியிருக்கும். அவற்றைப் பிடித்து, மிதித்து ஏறவேண்டும். இடுப்பில் கட்டின கயிறு உச்சியில் ஒரு வளையத்துக்குள்ளால் போய், கிணற்றுக் கப்பியில் வருகிற மாதிரித் திரும்பக் கீழே வரும். அந்த நுனியை நிலத்தில் நிற்கிற ஒருவர் பிடித்துக்கொள்வார். தவறினாலும் விழமாட்டாய், தொங்குவாய். முதல் நாள் தவநாயகி தன் உயரத்துக்குக்கூட ஏறவில்லை. அந்த வருச முடிவில், வகுப்பில் இருந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டா. இதை அவ யாருக்கும் சொல்லவில்லை. சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை.

வகுப்பு நடத்தியவர் டெரிக் என்ற ஒரு நெட்டை வெள்ளைக்காரர். வசந்த காலத்தில் ஜோர்தான் பாலைவனத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு சிவப்புப் பாறைகளில் ஏற வைப்பது அவருடைய பக்கத் தொழில். அந்த வருசம் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். வளைகுடாச் சண்டை முடிந்து ஒரு வருசம் ஆகியிருந்தது என்றாலும், டிவியில் மணலில் டாங்கி ஓடினதை மறக்காதவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். சண்டை என்ற சொல்லுக்குத் திடுக்கிடுகிற பழக்கத்தைத் தவநாயகி எண்பத்துநாலிலேயே யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்திருந்தா. கடைசியில் நின்றது அவவும், டூட்டிங் ரங்கராஜன் டாக்டரின் மனைவி கிரிஜாவும்தான். கிரிஜா மதராஸ்காரி. பூ அடுக்குதல், பிரெஞ்சு, கார் திருத்துதல் என்று லண்டனில் இருக்கிற வகுப்பெல்லாம் முடித்துவிட்டு இதற்கு வந்து சேர்ந்தவ.

"நாலு பேராவது வேணும்," என்றார் டெரிக். "நாலு இடத்துக்குக் குறைந்தால் அங்கே இருக்கிற வழிகாட்டி ஒட்டகத்தைக்கூட எழுப்பமாட்டார். மார்ச் முடிகிறதுக்குள் ஆள் சேராவிட்டால் பயணத்தை ரத்துச் செய்யவேண்டி வரும்."

இருபத்துமூன்று வருசக் குடும்ப வாழ்க்கையில் தவநாயகி தனக்கென்று கேட்டது ஒரு மிக்சி. அதுவும் வீட்டுக்குத்தான். இந்தப் பாறை அப்படி இல்லை. டெரிக் காட்டின படத்தில், வானத்தை முட்டிக்கொண்டு, மனித வாசனை இல்லாமல் நின்றது. அதில் ஏறாமல் செத்தால் கட்டை வேகாது என்று அவவுக்குத் தோன்றிவிட்டது.

வீட்டில் சொல்லுகிற கட்டம் வந்தது. கணேசலிங்கம் ஊரில் வங்கி உத்தியோகத்தர். இங்கே பெட்ரோல் ஸ்டேசனில் மனேச்சர். நல்ல மனிசன். உயரம் மட்டும் ஆகாது. மாடிப்படியில் எரியாமல் போன பல்ப், மாற்றுவதற்கு அடுத்த வீட்டுக்காரன் வரும்வரை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். தவநாயகி ஒரு ஸ்டூலில் ஏறித் தாம்பாளம் எடுத்தாலே கீழே நின்றுகொண்டு, "ஏறினது காணும், இறங்கும், காணும், இறங்கும்" என்பார்.

"இஞ்சாருங்கோ, சித்திரையிலை நான் ஒரு கிழமை ஜோர்தானுக்குப் போறன்," என்றா தவநாயகி, புட்டுக்குக் குழம்பை விட்டபடி.

"ஆருக்குக் கலியாணம்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப செத்தவீடோ?"

"இல்லையப்பா. கல்லு ஏறப் போறன்."

கணேசலிங்கம் புட்டைப் பார்த்தார். சுவர்க் கதை போன கிழமைதான் அவர் காதுக்கு வந்திருந்தது. அதையே அவர் இன்னும் செமித்து முடிக்கவில்லை. "கல்லு இஞ்சை இல்லையோ?"

"இஞ்சை மழை."

"அங்கை எயார்ப்போட்டுக்கு ஆர் வருவினம்? ஆர் எங்கட ஆக்கள் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

இதுதான் மனிசனை உலுக்கியது. பாம்பு, வெயில், பாறை எல்லாம் பிறகு. எயார்ப்போட்டில் கூட்டிக்கொண்டு போக ஒரு சித்தப்பா மகன்கூட இல்லாத நாடு ஒன்று இருக்கிறதென்பதை அவரால் நம்ப முடியவில்லை. எங்கள் ஆட்கள் போகாத நாட்டில் ஏதோ பிழை இருக்கத்தானே வேணும்.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். போறதென்றால் அக்காவோடு போகவேண்டும். அக்கா என்றால் லூயிஷாம் பாலாம்பிகை. வயது அறுபதைத் தொடுகிறது, முழங்கால் நோ, கோவில் அன்னதானத்தில் கரண்டி பிடித்தால் அந்தப் பக்கம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அக்கா மாட்டன் என்று சொல்லுவா, விசயம் அதோடு முடியும் என்பதுதான் தம்பியின் கணக்கு. டெலிபோன் எடுத்து ஜோர்தான், பாலைவனம், கல்லு என்று ஒவ்வொன்றாகப் பயமுறுத்திச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் முடிப்பதற்கு முன்னமே பாலாம்பிகை, "எத்தினை மணிக்கு வெளிக்கிடுறது?" என்று கேட்டுவிட்டா.

ஆயத்தம் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை தவநாயகியின் முன்னறையில் கூடினார்கள். டெரிக் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி, படத்தை விரித்து, கயிறு ஒன்றைக் கம்பளத்தில் பரப்பி வைத்தார். பாலாம்பிகை அந்தப் படத்தின்மேல் வடைத் தட்டை வைத்தா.

"மச்சாள், அது படம்," என்றா தவநாயகி.

"தெரியுது. பாலைவனம்தானே, வடை வைக்க இடம் இருக்கு." பிறகு டெரிக் பக்கம் திரும்பி, தண்ணி எங்கே, அரிசி கொண்டுபோகலாமா, சோறு வடிக்க அடுப்பு உண்டா, கக்கூசுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டா. கடைசிக் கேள்விக்கு டெரிக் கையை அகல விரித்து, எல்லாப் பக்கமும் என்று காட்டினார். பாலாம்பிகை அதை ஊரில் இருந்த மாதிரித்தான் என்று ஏற்றுக்கொண்டா. பாறையில் தான் ஏறப்போவதில்லை, அடியில் இருந்து சமைக்கப் போகிறா. ஆனால் கயிறு பிடிக்கத் தெரியவேண்டும் என்றார் டெரிக்.

"பிடிக்கிறது என்ன, இருபது வருசம் கிணத்திலை தண்ணி அள்ளினனான்."

எல்லாம் நன்றாகத்தான் போனது. டெரிக் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார்: தவநாயகி, கிரிஜா, பாலாம்பிகை. பாலாம்பிகை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா.

"மூண்டு பேரோ?"

அறையில் இருந்த தமிழர் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. டெரிக்குக்கு மட்டும் விளங்கவில்லை. மூன்று பேராக ஒரு காரியத்துக்கு வெளிக்கிடக் கூடாது. கூட்டிக்கொண்டு போகிற டெரிக் இந்தக் கணக்கில் வரமாட்டார். வெளிக்கிட்டால் காரியம் கெடும். பெண் பார்க்கப் போனாலும் சரி, காணி பார்க்கப் போனாலும் சரி, தேசிக்காய் வாங்கப் போனாலும் சரி.

"எங்க ஊர்லயும் அப்படித்தான்," என்றா கிரிஜா. "என் மாமியார் மூணு பேரா சேர்ந்து லிப்ட்ல கூட ஏறமாட்டா."

"எனக்கும் நாலு பேர் வேணும்," என்றார் டெரிக், தன் கணக்கும் இவர்களுடைய கணக்கும் எப்படி ஒன்றாக வந்தது என்று புரியாமல்.

அன்று பின்னேரம் தொடங்கித் தவநாயகி டெலிபோனில் குந்தினா. நாலாவது ஆள் ஒன்று வேணும், அவ்வளவுதான். லண்டன் தமிழரில் ஒரு ஆள். ஒருவருக்கும் ஏலாது. அந்தக் கிழமையில் ஒரு பிறந்தநாள், ஒரு அந்தியேட்டிக் கிரியை, ஒரு வீடு குடிபுகுதல், இரண்டு அரங்கேற்றம். ஒரு மனிசி தனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றா, பருத்தித்துறையில் பிறந்தவ. தமிழ் மன்றச் செயலாளர் பத்மநாதன்தான் ஆகக் கூடுதலாகக் கதைத்தார். தாய்லாந்து, சிங்கப்பூர் என்று மன்றத்துச் சனத்தை இழுத்துக்கொண்டு போய் வருகிறவர் அவர். "கல்லு ஏறுறதுக்குக் காசு குடுத்துப் போறது எங்கட பண்பாட்டிலை இல்லை, தங்கச்சி. கல்லு உடைக்கிறதெண்டால் காசு தருவினம், அதுக்குப் போகலாம்," என்று சொல்லி, தன் பகிடிக்குத் தானே சிரித்து வைத்துவிட்டார்.

மார்ச் கடைசிக் கிழமை வந்தது. தவநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் ஒரு தெருக்கூட்டுகிறவருக்கு மேயரின் சம்பளத்தைப் போட்டுவிட்டா என்று ஒரு கதை உண்டு. அதை நாங்கள் உறுதிப்படுத்த முடியவில்லை.

பாலாம்பிகைதான் வழி சொன்னா. வழி ஒன்றும் புதிதல்ல. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூன்று பேராகப் போகத்தான் வேணும், வேறு ஆள் இல்லையென்றால், ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொள். அது நாலாவது ஆள். அன்று மத்தியானமே கோலியர்ஸ் வுட்டுக்கு வந்து, வாண்டில் ஆற்றங்கரையில் குனிந்து குனிந்து தேடி, தேத்தண்ணியோடு கடிக்கிற பணிஸ் அளவில் ஒரு கல்லை எடுத்தா. கழுவித் துடைத்து, சட்டைத் துணியில் ஒரு பை தைத்து அதற்குள் வைத்தா.

"மச்சாள், எங்களுக்கு இது சரி. டெரிக்குக்கு என்னெண்டு சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லு. அவன் என்ன, சாமி கும்பிடாதவனோ?"

இங்கே டெரிக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பிற சமூகங்களின் வழக்கங்களை மதிப்பது எப்படி என்று கவுன்சில் தன் ஆட்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு பயிற்சி வைத்தது. டெரிக் அதற்குப் போய், இடையில் எதற்கோ சிரித்து, எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிறுத்தப்பட்டு வந்தவர். அன்றிலிருந்து கறுத்த, மாநிற மனிதர் எதைச் சொன்னாலும் அவர் முகம் கோவில் தூண் மாதிரி அசையாது. செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் பாலாம்பிகை பையைத் திறந்து கல்லைக் காட்டி, இவர்தான் நாலாவது ஆள் என்று சொன்னபோதும் அசையவில்லை.

"இவருக்குப் பாறையில் அனுபவம் உண்டா?" என்று கேட்டார்.

"எங்க எல்லாரையும் விட ஜாஸ்தி," என்றா கிரிஜா.

"மரக்கறிச் சாப்பாடா?"

பாலாம்பிகை கொஞ்சம் யோசித்து, "ஓம், சைவம்," என்றா.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றதற்குப் பாலாம்பிகை தன் டெலிபோன் நம்பரைக் கொடுத்தா. நாலாவது இடத்துக்கான காசை மூன்று பேரும் பிரித்துக் கட்டுவதாகச் சொன்னதும், டெரிக்குக்கு மறுக்க ஒரு காரணமும் இருக்கவில்லை. பாலைவனத்து வழிகாட்டி நாலு இடத்துக்குக் காசு கேட்டாரே தவிர, நாலு இடத்திலும் மூச்சு விடவேண்டும் என்று கேட்கவில்லை. டெரிக் போய்ச் சின்னப் பிள்ளைகள் போடுகிற தலைக்கவசம் ஒன்றை எடுத்து வந்து, கல்லுக்கு வைத்துப் பார்த்தார். பெரிதாக இருந்தது.

பயணம் உறுதி என்று தவநாயகி அன்று வீட்டுக்கு வந்து பாயாசம் காய்ச்சினா. அங்கேதான் பிழை நடந்தது. பாயாசம் காய்ச்சினால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், கேட்டால் சொல்லவேண்டும், சொன்னால் கதை போகும். அடுத்த நாள் பின்னேரத்துக்குள் லண்டன் முழுக்கத் தெரிந்துவிட்டது: எங்களை விட்டுவிட்டு ஒரு கல்லைக் கூட்டிக்கொண்டு போகினம்.

வர ஏலாது என்று சொன்ன அத்தனை பேருக்கும் கோபம் வந்தது. பத்மநாதன் வாசிகசாலை மண்டபத்தை எடுத்து மன்றத்தின் அவசரக் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். வந்த சனத்துக்குக் கடிக்க வைத்த ரோல்ஸ் போதவில்லை என்றால் பாருங்களேன்.

"கல்லைக் கூட்டிக்கொண்டு போறது அவையின்ரை விருப்பம்," என்றார் பத்மநாதன் மைக்கில். "ஆனா முதல் என்னைக் கேட்டுப்போட்டுப் பிறகு கல்லைக் கேட்டது, என்னையும் கல்லையும் ஒரு தரத்திலை வைச்ச மாதிரி."

"இல்லை அண்ணை," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "கல்லு ஓம் எண்டிட்டுது. நீங்கள் ஏலாதெண்டனீங்கள்."

கூட்டம் சிரித்து அடங்க நேரமெடுத்தது. கல்லு மன்றத்து உறுப்பினரா, சந்தா கட்டியதா, எந்த ஊர்க் கல்லு, வாண்டில் ஆற்றில் எடுத்தால் அது தமிழ்க் கல்லாகுமா என்று பேசிப் பேசி, முடிவொன்றும் எடுக்காமல் கலைந்தார்கள். மூன்று பேர் மட்டும் தவநாயகியைத் தனியாகக் கண்டு, இடம் ஒன்று வந்தால் சொல்லச் சொன்னார்கள்.

பகிடி முழுக்க வந்து விழுந்தது கணேசலிங்கத்தின் தலையில். பெட்ரோல் அடிக்க வருகிற தமிழன் ஒவ்வொருவனும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணை, கல்லு சுகமோ?" என்பான். "கல்லுக்கு விசா கிடைச்சிட்டுதோ?" என்பான். "அண்ணையை விடக் கல்லு பாரம் குறைவெண்டு கூட்டிக்கொண்டு போகினமாம்," என்று ஒருவன் மீதிக் காசை எண்ணிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். மனிசன் எவ்வளவைத்தான் தாங்குவார்.

"கல்லு வரேல்லை. நான் வாறன்," என்றார் அன்று வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

தவநாயகி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினா. "நீங்களோ?"

"நான்தான். என்னை விட்டிட்டுக் கல்லையோ கூட்டிக்கொண்டு போவீர்? நான் போனால் எல்லாரும் போவம். இல்லாட்டில் ஒருத்தரும் இல்லை. அக்காவுக்கும் சொல்லிப்போட்டன்."

பாலாம்பிகை தம்பி சொல்லைத் தட்டமாட்டா. கிரிஜா தனியே வரமாட்டா. தவநாயகி அந்தச் செக்கச்செவேலென்ற பாறையை மனதில் நிறுத்திப் பார்த்தா. அடியில் கணேசலிங்கம் நின்றார், தொப்பி போட்டுக்கொண்டு. காணும், இறங்கும், காணும், இறங்கும். பாலைவனத்தில் எதிரொலி வேறு வரும்.

அவ டெரிக்கிடம் போய்ச் சொன்னா. டெரிக் முகம் அசையாமல் கேட்டார். "கல் மனம் மாறிவிட்டதா?"

"கல்லு மாறேல்லை. என்ரை மனிசன் மாறியிட்டார்."

மனிதர் என்றால் சோதனை உண்டு என்றார் டெரிக். வருகிற செவ்வாய்க்கிழமை கணேசலிங்கம் மண்டபத்துக்கு வந்து, ஒருவர் ஏறி இறங்குமட்டும் கீழே நின்று கயிறு பிடித்துக் காட்டவேண்டும். பிடித்தால் அவர் பெயர். பிடிக்காவிட்டால் கல்லின் பெயர். அன்று மாலையே ஜோர்தானுக்கு டெலிபோன் எடுத்துச் சொல்லியாகவேண்டும்.

கணேசலிங்கம் வேலைக்குப் போகிற டையோடு வந்தார். பாலாம்பிகை கைப்பையில் கல்லோடு வந்தா, எதற்கும் இருக்கட்டும் என்று. கிரிஜா பிளாஸ்க்கில் காப்பியோடு வந்தா. சுவரைக் கண்டதும் கணேசலிங்கம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டெரிக் அவரைத் திருப்பி நிறுத்தி, இடுப்பில் பட்டி கட்டி, கயிற்றைக் கையில் கொடுத்து விளக்கினார். அவ ஏற ஏற இழுத்துக்கொண்டு வா. உச்சிக்குப் போய் அவ சொன்னதும் மெல்ல மெல்ல விடு. இழுக்கிறது, விடுகிறது, அவ்வளவுதான்.

"ஆர் ஏறப் போறது?" என்றார் கணேசலிங்கம்.

"நான்தான்," என்றா தவநாயகி.

ஏறினா. கணேசலிங்கம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இழுத்தார். கயிறு ஒரு விரற்கடைகூடத் தொய்யவில்லை. டெரிக்கே தலையை ஆட்டினார். மேலே போன தவநாயகி உச்சிக் கட்டியைத் தொட்டு, பட்டியில் சாய்ந்து இருந்து, "சரி, விடுங்கோ," என்றா.

கயிறு அசையவில்லை.

"இஞ்சாருங்கோ. விடுங்கோ."

"விட்டால் விழுந்து போவீர்."

"மெல்ல விட்டால் விழமாட்டன்."

"ஏலாது," என்றார் கணேசலிங்கம். கை இரண்டும் வெளிறிப்போயிருந்தது. கண் திறக்கவில்லை.

டெரிக் கிட்ட வந்தார். பாலாம்பிகை கையைக் காட்டி மறித்தா. "தம்பி, இது குடும்ப விசயம்." பயிற்சியில் இதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டெரிக் மரியாதையாக ஒதுங்கி நின்று, யாருக்கும் தெரியாமல் கயிற்றின் வாலை மட்டும் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கணேசலிங்கத்துக்குத் தன் கையில் இருப்பது என்ன என்று உறைத்தது. "நீர் போகேல்லையெண்டு சொல்லும். விடுறன்."

மேலே தவநாயகி உள்ளங்கைத் தூசியைத் தட்டினா.

"கேக்குதோ?"

"கேக்குது."

"பசிக்கேல்லையோ?"

"இல்லை."

"கால் உளையேல்லையோ?"

"இல்லை. நல்ல சுகமாய் இருக்கு."

கிரிஜா நீள வாங்கில் உட்கார்ந்து காப்பி ஊற்றினா. பாலாம்பிகைக்கும் ஒன்று கொடுத்தா. பள்ளிக்கூடக் காவல்காரன் மண்டபத்தைப் பூட்டத் திறப்புக் கோர்வையோடு வந்து எட்டிப் பார்த்தான். டெரிக் அவனிடம் இது ஒரு சமூக வழக்கம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு கரையில் நின்றான்.

"எனக்கு ஷிப்ட் இருக்கு," என்றார் கணேசலிங்கம்.

"தெரியும்."

மேலே இருக்கிறவ சுகமாகச் சாய்ந்திருந்தா. கீழே நின்றவருக்குத்தான் டை கழுத்தை இறுக்கி, சேட் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இதில் கட்டுண்டு நிற்பது யார் என்று பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

"நான் வந்தால் என்ன குறைஞ்சு போம்?" என்று கேட்டார், குரல் தணிந்து.

"நீங்கள் வந்தால் கீழ நிண்டு இறங்கும் இறங்கும் எண்டுவியள்."

"நான் இப்ப இறங்கச் சொல்லேல்லையே. நீரெல்லோ இறக்கச் சொல்லுறீர்."

பாலாம்பிகைக்குக் காப்பி புரையேறியது. மேலேயும் சிரிப்பு ஒன்று கேட்டது. கணேசலிங்கத்துக்கு வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்ட ஞாபகம் இல்லை, இருந்தாலும் நாளாகியிருக்கும். அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அங்கை என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை."

"பிறகேன் ஏறுறீர்?"

"ஒண்டும் இல்லையெண்டுதான்."

அவர் மற்றக் கண்ணையும் திறந்து நிமிர்ந்து பார்த்தார். தன்னுடைய பழைய சேட் ஒன்று உயரத்தில் இருந்தது. அதற்குள் தவநாயகி இருந்தா, முகட்டைப் பார்த்தபடி, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு. விழவில்லை. விழப்போகிறவளாகவும் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்புகிற அவசரம் ஒன்றும் அந்த முகத்தில் இருக்கவில்லை. கணேசலிங்கம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கயிறு கொஞ்சம் அசைந்தது. இன்னும் கொஞ்சம். அவ வந்து நிலத்தில் கால் வைக்குமட்டும் அவர் கண்ணை எடுக்கவில்லை, வாயும் திறக்கவில்லை.

"இப்படிக் கயிறு பிடிக்கிற ஒருவரை நான் கண்டதில்லை," என்றார் டெரிக், கையிலிருந்த வாலை மெல்லக் கழற்றிக்கொண்டு. "ஏற்றியவரை விடவே மாட்டார் என்பது ஒன்றுதான் குறை. இறக்கியும் விட்டார். சோதனையில் தேறிவிட்டார். அவருடைய பெயரைச் சொல்லட்டுமா?"

தவநாயகி பட்டியைக் கழற்றாமல் நின்றா. பாலாம்பிகை தம்பியைப் பார்த்தா.

கணேசலிங்கம் சிவந்துபோன உள்ளங்கைகளை ஊதினார். "கல்லே போகட்டும்," என்றார். "அதுக்கு வாய் இல்லை."

டெரிக் காவல்காரனின் அறைக்குப் போய் ஜோர்தானுக்கு டெலிபோன் எடுத்தார். நாலு பேர், அதில் ஒருவர் சைவம், அதிகம் பேசமாட்டார் என்று சொன்னாராம்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கோலியர்ஸ் வுட் பக்கம் போகிற பஸ் வந்தது. கீழ்த்தட்டில் நிற்க இடமில்லை. தவநாயகி கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறினா. முன் ஆசனம் காலியாக இருந்தது. எட்டு வருச லண்டன் வாழ்க்கையில் பஸ்ஸின் மேல்தட்டைக் கண்ணால் காணாத கணேசலிங்கம், படியில் பாதிவரை வந்து, "நீர் இரும். நான் இதிலை இருக்கிறன்," என்று படியிலேயே குந்தினார். படியில் இருக்கக்கூடாது என்று சாரதி கத்தினான். கீழே இறங்கலாம் என்று எழும்பினால், அடுத்த தரிப்பில் ஏறின சனம் குடைகளோடு மேலே வந்துகொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை. சனம் தள்ளத் தள்ள மேலே வந்து, தவநாயகிக்குப் பக்கத்தில் விழுந்து, அவவின் கோட்டுப் பட்டியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு வெளியே கடைவாசல் விளக்குகள் கால்மட்டத்தில் போயின.

"இறங்கவேண்டிய இடம் வருகுது," என்றா தவநாயகி கொஞ்ச நேரத்தால்.

"நீர் வேணுமெண்டால் இறங்கும்," என்றார் அவர், எழும்பாமல்.

அவவும் எழும்பவில்லை. பிறகு எங்கே போய் இறங்கினார்கள் என்பது பற்றிப் பலவிதமாகச் சொல்லுகிறார்கள். அன்றைய ஷிப்டுக்கு அவர் போகவில்லை என்பது மட்டும் பெட்ரோல் ஸ்டேசனில் விசாரித்ததில் உறுதியாகத் தெரிகிறது.